நீரைப் பிடித்து வைக்கும் முடிச்சு

தமிழகத்தின் வடவெல்லையைக் கடந்ததும் தொடங்குகிற சித்தூர், திருப்பதிப் பகுதிகளைக் கேள்விப்படாத தமிழர் இரார். திருமலைக்குச் சென்றவர் எவரும் அந்த மண்ணின் வழியாகச் சென்றவரே ஆவர். 1911-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தின் ஒரு ஜில்லாவாகச் சித்தூர் அமைந்தது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அதனுடன் சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு வந்தது. 2022-இல் பழைய சித்தூர் ஜில்லா பிரிக்கப்பட்டுத் திருப்பதி தனி ஜில்லாவாயிற்று. எல்லைகள் இவ்வாறு பலமுறை மாறினும் மண் மாறவில்லை. குப்பத்திலும் பலமனேரிலும் புங்கனூரிலும் காண்பது பெரும்பாலும் மணல் கலந்த செம்மண்ணே. அதில் மானாவாரியாக விளைவது நிலக்கடலை. தோப்புகளாக ஓங்கி நிற்பது மா. வடக்கே மும்பையிலும் தில்லியிலும், மேற்கே பெங்களூரிலும் இன்று வாழ்கிற நம்மவருள் பலருக்கு, இந்தப் பகுதியிலோ, இதை ஒத்த வடஆர்க்காட்டுச் சீமையிலோ, இன்னும் ஒரு துண்டு நிலம் உண்டு.

இந்த மண்ணுக்கு மழையே இல்லை என்று சொல்வதற்கில்லை. தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் ஆகிய இரண்டுமே இங்கே ஓரளவு மழையைத் தருகின்றன. பெய்த மழை நிற்பதில்லை என்பதே குறை. மணற்பாங்கான செம்மண் நீரை விரைவில் உள்ளே விடும். அதே விரைவில் கீழேயும் இறக்கிவிடும். ஆடியில் விதைத்த கடலை முளைத்து எழும் வேளையில் பத்து நாள் மழை தவறினால் பயிர் சுணங்கும். பூத்து விழுது இறங்கும் வேளையில் மூன்று வாரம் தவறினால் அந்த ஆண்டின் முதலே போய்விடும். ஊரை விட்டு வந்த குடும்பங்களின் வரலாற்றில் இத்தகைய ஓர் ஆண்டு அநேகமாக இருக்கும். ஆகவே, 'மண்ணுக்குள்ளேயே நீரைப் பிடித்து வைக்கும் ஒரு பொருள் உண்டு' என்று எவரேனும் சொன்னால், நாம் காது கொடுத்துக் கேட்பது இயல்பே.

அத்தகைய பொருள் உண்மையிலேயே இருக்கிறது. தன் எடையைப்போல் பல நூறு மடங்கு தூய நீரை உறிஞ்சி, பிழிந்தாலும் எளிதில் விடாமல் வைத்துக்கொள்கிற பாலிமர் ஜெல் அது. காய்ந்த நிலையில் சர்க்கரைக் குருணைபோல் இருக்கும். நீர் பட்டதும் ஊறி, நுங்கின் சதையைப்போல் குழைவாகவும் கெட்டியாகவும் ஆகும். அது எவ்வாறு நீரைப் பிடிக்கிறது, அதன் ஆற்றலுக்கு அளவு யாது, நம் செம்மண்ணில் அது எவ்வளவு பயன்படும் என்பனவற்றை இங்கே ஆராய்வோம். இந்த ஆராய்ச்சியின் நடுநாயகமாக விளங்குவது, பலரும் பெயர்கூட அறியாத ஒரு சிறு ரசாயனப் பொருள். அதற்குக் 'குறுக்கிணைப்பி' என்று பெயர்.

இந்த ஜெல்லைக் காண நாம் ஆய்வுக்கூடத்திற்குப் போக வேண்டியதில்லை. குழந்தைகளுக்குக் கட்டும் டயாபரில் அது இருக்கிறது. திருப்பதி ஜில்லாவில் சத்தியவேட்டை அடுத்த ஸ்ரீசிட்டி தொழில் நகரில், யூனிசார்ம் என்னும் ஜப்பானிய நிறுவனம் இத்தகைய பொருள்களைச் செய்யும் தொழிற்சாலையை அமைத்திருக்கிறது. புதிய டயாபர் ஒன்றைக் கிழித்து, பஞ்சுக்கு நடுவே இருக்கும் வெண்ணிறக் குருணையைச் சிறிதளவு உதிர்த்து, ஒரு கண்ணாடித் தம்ளரில் இட்டு நீர் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் தம்ளரைக் கவிழ்த்தாலும் கொட்டாத களியாக அது மாறிவிடும். பிறகு அதன்மீது ஒரு கரண்டி சமையல் உப்பைத் தூவிக் கலக்குங்கள். களி தளர்ந்து, பிடித்து வைத்திருந்த நீரை விட்டுவிடும். இந்த எளிய சோதனையில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன: ஜெல் நீரைப் பிடிப்பது ஏன் என்பது ஒன்று, எங்கே அது தோற்றுப்போகும் என்பது மற்றொன்று.

முதல் உண்மையை நம் வீட்டு ஊறுகாய்ச் சாடியைக் கொண்டே விளக்கலாம். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசறி வைத்தால், மறுநாள் சாடியில் நீர் ஊறி நிற்கிறது. உப்பு மிகுந்த பக்கத்தை நோக்கி நீர் செல்வது இயற்கையின் நியதி. ஜெல்லிலோ உப்பு உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது. அதன் மூலப்பொருள் அக்ரிலிக் அமிலம். அந்த அமிலத்தின் மூலக்கூறுகளை ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, காரத்தால் ஓரளவு நடுநிலைப்படுத்தினால், நீண்ட சங்கிலிகள் கிடைக்கின்றன. சங்கிலியின் நெடுகிலும் எதிர்மின் ஏற்றம் பெற்ற முனைகள் உண்டு; ஒவ்வொன்றின் அருகிலும் நேர்மின் ஏற்றம் பெற்ற சோடியம் அயனி ஒன்று உலவுகிறது. சங்கிலியின் இழுப்பினால் அந்தச் சோடியம் வெளியே ஓட இயலாது. எனவே உட்புறம் எப்போதும் உப்பு மிகுந்ததாகவே இருக்கிறது. வெளியிலுள்ள நீர் அதை நோக்கி விரைந்து செல்கிறது. ஒரே வகை மின்னேற்றம் கொண்ட முனைகள் ஒன்றையொன்று தள்ளுவதால் சுருண்டிருந்த சங்கிலிகளும் நிமிர்ந்து விரிகின்றன. வெளியே உப்பைத் தூவும்போது இந்த ஏற்றத்தாழ்வு குறைகிறது. நீர் திரும்பி வருகிறது.

ஆனால் சங்கிலிகள் மட்டும் இருந்தால் ஜெல் உண்டாகாது. நீர் நுழைய நுழைய அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி, இறுதியில் நீரில் கரைந்து பசைபோலாகிவிடும். கூட்டத்தில் தனித்தனியே நிற்கும் மக்களைத் தள்ளினால் நாலாபுறமும் சிதறிப்போவர். அவர்களுள் ஆங்காங்கே சிலர் இருபுறத்தாரின் கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டால், கூட்டம் நெகிழும், விரியும், ஆனால் கலையாது. அவ்வாறு இரு சங்கிலிகளின் கைகளைப் பற்றும் பொருளே குறுக்கிணைப்பி. மெத்திலீன் பிஸ்அக்ரிலமைடு என்பது அவற்றுள் பழமையானதும் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகக் கையாளப்படுவதும் ஆகும். அதன் மூலக்கூறுக்கு வினைபுரியும் கைகள் இரண்டு. ஒரு கை ஒரு சங்கிலியிலும், மறு கை மற்றொரு சங்கிலியிலும் சேர்ந்துவிடுகிறது. டிரைமெத்திலால் புரொப்பேன் டிரையக்ரிலேட்டு என்னும் பொருளுக்குக் கைகள் மூன்று. ஆயிரம் அக்ரிலிக் அலகுகளுக்கு ஒன்றிரண்டு குறுக்கிணைப்பிகள் இருந்தாலே போதும். கரையக்கூடிய பசை கரையாத வலையாகிவிடும்.

எவ்வளவு சேர்ப்பது என்பதிலேதான் கலை இருக்கிறது. கடலை உருண்டை பிடிப்பவர்களுக்குப் பாகின் பதம் தெரியும். பாகு இளகியிருந்தால் உருண்டை உதிர்ந்துவிடும். முற்றிவிட்டால் பல்லை உடைக்கும். குறுக்கிணைப்பியும் அவ்வாறே. குறைந்தால் ஜெல் குழகுழவென்று ஆகி, ஒரு பகுதி நீரோடு கரைந்தே போகும். மிகுந்தால் வலையின் கண்கள் சிறுத்து, விரிய இடமின்றி, குறைந்த நீரே கொள்ளும். பால் ஃபிளோரி என்னும் அமெரிக்க ரசாயன அறிஞர் இந்த உறவுக்குக் கணிதம் வகுத்தார். ரேனர் என்பாருடன் சேர்ந்து 1943-இல் அவர் வெளியிட்ட கொள்கை இன்றும் இத்துறைக்கு அடிப்படை. 1974-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கணக்கின்படி, மிகுதியாக ஊறும் ஜெல்லில் முடிச்சுகளின் எண்ணிக்கையை இரு மடங்காக்கினால், அது கொள்ளும் நீர் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகக் குறையும். முடிச்சுகளைப் பத்து மடங்காக்கினால் நீர் கால் பங்காகிவிடும். ஒரு சிட்டிகைப் பொருளின் கூடுதல் குறைவே ஜெல்லின் தன்மையை மாற்றிவிடுகிறது.

சங்கிலிகளுக்கு முடிச்சிடும் எண்ணம் புதியதன்று. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கியபோது நிகழ்ந்ததும் இதுவே. வெயிலில் ஒட்டும் பாலாகவும் குளிரில் உடையும் ஓடாகவும் இருந்த ரப்பர், கந்தக முடிச்சுகளால் உறுதி பெற்றது. நீரை ஏற்கும் பாலிமரில் இதே வேலையைச் செய்தவர்களுள் முன்னோடிகள், செக்கோஸ்லோவாக்கியாவின் ஓட்டோ விக்டெர்லேயும் டிராகோஸ்லாவ் லீமும் ஆவர். 1960-இல் அவர்கள் அறிவித்த மென்மையான ஜெல்லே பிற்காலத்து மெல்லிய கண் வில்லைகளுக்கு மூலமாயிற்று. 1961-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில், தம் பிள்ளைகளின் விளையாட்டுக் கட்டமைப்புப் பெட்டியிலிருந்த துண்டுகளைக் கொண்டு ஒரு சுழல் கருவியைச் செய்து, சைக்கிள் டைனமோவால் அதை ஓட்டி, முதல் வில்லைகளை விக்டெர்லே வீட்டிலேயே வார்த்தார். கண்ணுக்கு வேண்டியது அளவான ஈரம்; ஆகவே அந்த ஜெல் தன் எடையளவுக்கு ஏறத்தாழ ஒத்த நீரையே ஏற்பது. நிலத்துக்கு வேண்டியதோ பேரளவு.

அதற்கு வழி பிறந்தது அமெரிக்காவின் பியோரியா நகரத்து வேளாண்மை ஆய்வுக்கூடத்தில். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெனிசிலினைப் பேரளவில் உற்பத்தி செய்யும் முறையைக் கண்டு புகழ்பெற்ற கூடம் அது. மக்காச்சோள மாவுக்குப் புதிய பயன் தேடிய அங்குள்ள அறிஞர்கள், அந்த மாவின்மீது அக்ரிலோ நைட்ரைல் சங்கிலிகளை ஒட்டுச் செடிபோல் வளர்த்துக் காரத்தில் வேகவைத்தார்கள். தன் எடையைப்போல் பல நூறு மடங்கு நீரை உறிஞ்சும் பொருள் கிடைத்தது. 1976-இல் அதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அவர்கள் நினைத்த பயன்களுள் விதைக்கும் மண்ணுக்கும் உதவுவதும் ஒன்று. ஆயினும் வணிகம் வேறு திசையில் சென்றது. 1978-இல் ஜப்பானில் பெண்களின் நாப்கின்களிலும், 1980-களில் குழந்தைகளின் டயாபர்களிலும் இப்பொருள் புகுந்தது. உலகில் செய்யப்படும் இத்தகைய ஜெல்லில் பெரும்பங்கு இன்றும் அங்கேயே செல்கிறது.

இதனால் ஒரு விளைவு நேர்ந்தது. குறுக்கிணைப்பிகளைச் செம்மை செய்யும் ஆராய்ச்சியில் பெரும்பகுதி குழந்தையின் தேவையை எண்ணிச் செய்யப்பட்டது. உழவனின் தேவை பின்னால் நின்றது. குழந்தையின் சிறுநீர் உப்பு நீர். ஆகவே தூய நீரில் பல நூறு மடங்கு குடிக்கும் ஜெல் அங்கே 30 முதல் 50 மடங்கே குடிக்கும். மேலும் குழந்தை அதன்மேல் உட்காரும். அழுத்தத்தின் கீழும் நீரை விடாதிருக்க வேண்டும். முடிச்சுகளை எங்கும் மிகுத்தால் உறுதி கூடும்; ஆனால் கொள்ளளவு குறையும். இந்த இக்கட்டைத் தீர்க்க இருவகைக் குறுக்கிணைப்பு முறை தோன்றியது. குருணையின் உட்புறத்தில் முடிச்சுகளைக் குறைவாக இட்டு, பிறகு கிளிசரால், எத்திலீன் கார்பனேட்டு போன்ற பொருள்களை மேற்புறத்தில் மட்டும் தடவி, உயர்ந்த வெப்பத்தில் வாட்டினால், ஓடு மட்டும் இறுகிவிடுகிறது. உள்ளே நெகிழ்வு, வெளியே உறுதி. குருணைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் இடையிடையே நீர் ஓட வழியும் கிடைக்கிறது. மண்ணுக்குள் புதையும் ஜெல்லுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். ஏனெனில் மேலிருக்கும் மண்ணின் பாரம் அதையும் அழுத்துகிறது.

நல்ல குறுக்கிணைப்பிக்குரிய இலக்கணங்கள் யாவை என்று கேட்கலாம். முதலாவது, அது நீரில் கரைய வேண்டும். ஜெல்லைச் சமைப்பது நீரிலேயே ஆதலால், கரையாத பொருள் ஓரிடத்தில் திரண்டு நின்றுவிடும். இரண்டாவது, அது வினைபுரியும் வேகம் அக்ரிலிக் அமிலத்தின் வேகத்தோடு ஒத்திருக்க வேண்டும். மிக விரைவாக வினைபுரிந்தால் தொடக்கத்திலேயே தீர்ந்துபோய், முதலில் பிறந்த சங்கிலிகளில் முடிச்சுகள் நெருங்கியும், பின்னர் பிறந்தவற்றில் ஒன்றுமில்லாமலும் போகும். அப்படி முடிச்சில்லாத சங்கிலிகள் நீரில் கழன்று வெளியேறிவிடும். மூன்றாவது, அதன் பிணைப்பு காரத்தையும் உலர்த்தும் வெப்பத்தையும் தாங்க வேண்டும். எஸ்டர் வகைப் பிணைப்புகள் நீரால் நாளடைவில் அறுபடும்; அமைடு வகைப் பிணைப்புகள் நெடுநாள் நிற்கும். நான்காவது, வினைபுரியாமல் எஞ்சி நின்று தீங்கு செய்யாதிருக்க வேண்டும். இந்த நான்கையும் ஒருங்கே பெற்ற பொருளைத் தேடுவதே குறுக்கிணைப்பி ஆராய்ச்சியின் வேலை.

நம் நாட்டிலும் இந்த ஆராய்ச்சி நடந்தே வந்திருக்கிறது. புனேயிலுள்ள தேசிய ரசாயன ஆய்வுக்கூடம் 'ஜலசக்தி' என்னும் பெயரில் ஒரு ஜெல்லை உருவாக்கியது. தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம், தாவர நார்ப்பொருளாகிய செல்லுலோஸை அடிப்படையாகக் கொண்டு 'பூசா ஹைட்ரோஜெல்' என்பதை உருவாக்கியது. அது தன் எடையைப்போல் 350 முதல் 500 மடங்கு வரை நீர் கொள்ளும் என்றும், ஏக்கருக்கு 1 முதல் 2 கிலோ போதும் என்றும் அந்நிலையத்தார் கூறுகிறார்கள். சித்தூரை உள்ளிட்ட ராயலசீமையிலும் இப்பணி நடந்திருக்கிறது. 1954-இல் தோன்றிய திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக அனந்தப்பூரில் தொடங்கி, பின்னர் தனிப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது ஸ்ரீ கிருஷ்ணதேவராயா பல்கலைக்கழகம். அதன் பாலிமர் துறையில் மோகன ராஜுவும் அவருடைய மாணவர்களும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அக்ரிலமைடை முதன்மையாகக் கொண்ட ஜெல்களைச் செய்து, குறுக்கிணைப்பியின் வகையையும் அளவையும் மாற்றினால் நீர் கொள்ளும் திறன் எவ்வாறு மாறுகிறது என்று ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். வேளாண்மையே அவர்கள் கருதிய பயன்களுள் ஒன்று. மழை குறைந்த அனந்தப்பூரில் இந்த எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை.

இனி நம் நிலத்துக்கு வருவோம். விற்பனைக்காரர் 'நானூறு மடங்கு' என்று சொல்லும்போது நம் மனத்தில் ஏரி ஒன்று நிரம்புகிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டேருக்கு 5 கிலோ ஜெல் இடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நானூறு மடங்கு என்றால் அது கொள்ளும் நீர் 2,000 லிட்டர். ஆனால் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் பெய்தால் விழும் நீர் 10,000 லிட்டர். அதாவது, முழுதும் ஊறிய ஜெல்லில் இருப்பது மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு மழைக்குச் சமம். வளர்ந்த கடலைப் பயிரோ ஒரு நாளில் 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீரைச் செலவிடுகிறது. ஹெக்டேருக்கு ஏறத்தாழ 3,30,000 செடிகள் நிற்கின்றன என்று கொண்டால், ஒரு செடியின் பங்குக்கு வருவது ஆறு மில்லிலிட்டர். ஒரு சிறு தேக்கரண்டியளவே. மூன்று வார வறட்சியை அந்தத் தேக்கரண்டி வெல்லாது.

அப்படியானால் ஜெல் பயனற்றதா? அன்று. அதை வயல் முழுதும் தூவாமல், விதைக்கும் சாலிலேயே விதையின் அருகில் இட்டால், அந்த ஆறு மில்லிலிட்டர் பெரிய செல்வம். ஒரு கடலைப் பருப்பு முளைப்பதற்குக் குடிக்கும் நீர் அதன் எடையளவுக்கும் குறைவே. விதைத்த ஈரம் இரண்டு நாளில் காய்ந்துபோகும் மணல்மண்ணில், முளை எழுந்து வேர் கீழே இறங்கும் வரை ஈரத்தை நீட்டித்துத் தருவது ஜெல்லினால் ஆகக்கூடியதே. ஒவ்வொரு தூறலிலும் அது மீண்டும் நிரம்பிக்கொள்ளும். ஆகவே ஜெல்லை மழைக்கு மாற்று என்று எண்ணுவது பிழை. இரு மழைகளுக்கு இடையே முளைக்கு ஒரு சிறு தாங்கல் என்று எண்ணுவது சரி.

இதற்கும் ஓர் இடையூறு உண்டு. உப்பிட்டதும் தம்ளரில் களி தளர்ந்ததை முன்னர்க் கண்டோம். சமையல் உப்பிலுள்ள சோடியத்தைவிடக் கால்சியம் கொடியது. கால்சியம் அயனிக்கு இரட்டை நேர்மின் ஏற்றம் உண்டு. அது இரண்டு சங்கிலிகளின் எதிர்மின் முனைகளை ஒருங்கே பற்றிக்கொள்ளும். அதாவது, நாம் விரும்பாத இடத்தில், நாம் அளக்காத அளவில், அதுவே ஒரு குறுக்கிணைப்பியாகிவிடுகிறது. பாகு தானே முற்றிப்போவதற்கு இது ஒப்பாகும். பாறை நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. கால்சியமும் மக்னீசியமும் அதில் மிகுதி. மழை நீரில் நன்றாக ஊறிய குருணை அந்த நீரில் பலமுறை நனைந்த பிறகு சுருங்கிப்போவதன் காரணம் இதுவே.

நிலக்கடலைக்கு வேறோர் இக்கட்டும் உண்டு. காய் நன்றாகப் பிடிக்கக் கால்சியம் வேண்டும் என்பதால், பூக்கும் பருவத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 400 முதல் 500 கிலோ ஜிப்சம் இடுவது வழக்கம். ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட்டே. அக்ரிலேட்டு வகை ஜெல் 5 கிலோவின் மின்முனைகள் அனைத்தையும் கட்டிப்போட ரசாயனக் கணக்குப்படி ஏறத்தாழ நாலரை கிலோ ஜிப்சம் போதும். இடுகின்ற ஜிப்சத்தில் நூறில் ஒரு பங்கு. பயிருக்கு உயிரான பொருளே ஜெல்லுக்குப் பகையாகிறது. ஜிப்சத்தை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது, காய் பொக்காகிவிடும். ஆகவே கடலைக்கு ஜெல் உதவுவது முளைக்கும் பருவத்தில் என்றும், ஜிப்சம் இட்ட பின் அதை நம்புவதற்கில்லை என்றும் கொள்வதே நேர்மை. மின்னேற்றம் இல்லாத அக்ரிலமைடு அலகுகளைக் கலந்த ஜெல்கள் தூய நீரில் குறைவாகக் குடித்தாலும், உப்பையும் கால்சியத்தையும் மேலாகத் தாங்கும். விளம்பரத்தில் சிறிய எண்ணாகத் தோன்றுவது வயலில் பெரிய எண்ணாகலாம்.

மாந்தோப்பில் கணக்கு வேறாக இருக்கிறது. பத்து மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 100 கன்றுகள். அதே 5 கிலோ ஜெல்லைப் பகிர்ந்தால் குழி ஒன்றுக்கு 50 கிராம். கடின நீரிலும் மண்ணின் அழுத்தத்திலும் நானூறு மடங்கு நூறு மடங்காகக் குறைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு கன்றின் வேரடியிலும் 5 லிட்டர் நீர் தங்கும். குடத்தில் நீர் சுமந்து கன்றுகளுக்கு ஊற்றும் குடும்பத்துக்கு, இரண்டு நடைகளில் ஒன்று மிச்சமானால் அது சிறு உதவி அன்று. நாற்றங்காலிலும், இடம் மாற்றி நடும் தக்காளி நாற்றின் வேரிலும் இவ்வாறே பயன் காணலாம். ஆக, ஒரே பொருள், ஒரே அளவு, ஒரே மண். ஆயினும் எங்கே இடுகிறோம் என்பதைப் பொறுத்துக் கைம்முதல் திரும்புவதும் திரும்பாததும் அமைகிறது.

இறுதியாக, மண்ணின் நலனையும் எண்ண வேண்டும். அக்ரிலேட்டுச் சங்கிலிகள் மண்ணில் மிக மெதுவாகவே சிதைகின்றன. மண்ணில் சேர்க்கும் நீர்ப்பிடிப்புப் பாலிமர்கள் மட்கக்கூடியவையாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையை, ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய உரச் சட்டத்தில் சேர்த்தது. இதனால் குறுக்கிணைப்பி ஆராய்ச்சி புதிய பாதையில் திரும்பியிருக்கிறது. முன்னர் அறுபடாத முடிச்சைத் தேடியவர்கள், இப்போது உரிய காலம் வரை நின்று பிறகு அவிழ்ந்துவிடும் முடிச்சைத் தேடுகிறார்கள். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலத்துக்கு வினைபுரியும் கைகள் மூன்று. அதனோடு செல்லுலோஸைச் சேர்த்துச் சூடாக்கினால், முழுதும் தாவர மூலத்திலிருந்து வந்த ஜெல் கிடைக்கிறது. மரவள்ளி மாவும் புளியங்கொட்டைப் பசையும் ஆராயப்படும் மூலப்பொருள்களே. முன்னது சேலத்தில் மலிந்திருப்பது. பின்னதற்கு ராயலசீமையில் குறைவில்லை. இவை அக்ரிலேட்டு அளவுக்கு நீர் கொள்வதில்லை. ஆயினும் மண்ணோடு மண்ணாகும். மற்றொன்றையும் மறக்கலாகாது. அக்ரிலமைடு பாலிமராகி முடிந்த பின் தீங்கற்றது. வினைபுரியாமல் எஞ்சிய அக்ரிலமைடோ நரம்புகளுக்கு நஞ்சு. ஆகவே எஞ்சிய அளவைச் சோதித்துச் சான்று தராத சரக்கை வாங்குவது தகாது.

ஊரிலிருந்து அண்ணனோ தம்பியோ தொலைபேசியில் அழைத்து, 'நீரைச் சேமிக்கும் குருணை வந்திருக்கிறதாம், பணம் அனுப்பு' என்று கேட்கும் நாள் நமக்கு வரக்கூடும். அப்போது மறுக்கவும் வேண்டாம். உடனே அனுப்பவும் வேண்டாம். முதலில் நம் கிணற்று நீரிலேயே சோதிக்கச் சொல்வோம். ஒரே அளவான இரு பாத்திரங்களில் ஒவ்வொரு கிராம் குருணையை இட்டு, ஒன்றில் மழை நீரும் மற்றொன்றில் கிணற்று நீரும் ஊற்றி, ஒரு நாள் கழித்து வடிகட்டி நிறுத்துப் பார்த்தால், நம் நிலத்தில் அது எத்தனை மடங்கு குடிக்கும் என்பது தெரிந்துவிடும். பிறகு, எந்தப் பயிருக்கு, எந்த இடத்தில் இடப்போகிறார்கள் என்று கேட்போம். மண்ணில் அது என்னவாகும், எஞ்சிய நச்சுப்பொருள் உண்டா என்பதை விற்பவரிடம் எழுத்தில் கேட்கச் சொல்வோம். திருப்பதியில் நிலக்கடலையை நெடுங்காலமாக ஆராய்ந்து புதிய ரகங்களை வெளியிட்டுவரும் மண்டல வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே சென்று ஒரு வார்த்தை கேட்டு வருவதற்குச் செலவு பேருந்துக் கட்டணமே.

விஞ்ஞானம் தருவது கருவி. அதன் அளவை அறிந்து கையாளுவது நம் பொறுப்பு. நீரை இழுப்பது சங்கிலியின் வேலை என்றால், அதை எவ்வளவு, எவ்வளவு காலம், எவ்வளவு பாரத்தின் கீழ் பிடித்து வைப்பது என்பதைத் தீர்மானிப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த முடிச்சு. சித்தூரின் செம்மண்ணையும், அதன் கடின நீரையும், அதன் கடலையையும் மனத்தில் கொண்டு முடிச்சிடும் ஜெல் இனிமேல்தான் வர வேண்டும். திருப்பதியில் பல்கலைக்கழகமும் வேளாண்மைக் கல்லூரியும் முன்னரே உள்ளன. 2015-இல் இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் அங்கே தொடங்கப்பெற்றன. ஆய்வுக்கூடமும் வயலும் ஓர் ஊரிலேயே இவ்வளவு நெருங்கி அமைவது அரிது. வெளிமாநிலங்களில் ரசாயனம் பயிலும் நம் பிள்ளைகளுள் ஒருவர் இந்த வேலையை ஏற்றுக்கொண்டால், அது ஊருக்குச் செய்யும் நன்றியாகவும் இருக்கும்.